ஏரியின் குடை

பெரு, பொலிவியா என்னும் இரு தேசங்களின் எல்லையில், ஆண்டிஸ் மலைத்தொடரின் மேட்டுநிலத்தில், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 3,800 மீட்டர் உயரத்தில், டிட்டிகாக்கா என்றொரு பெரிய ஏரி பரந்து கிடக்கிறது. காற்று மெலிந்து ஆகாயம் கருநீலமாகத் தெரியும் அந்த உயரத்தில், உஷ்ண மண்டலத்துச் சூரியன் நடுப்பகலில் உச்சந்தலைக்கு மேலே நின்று காயும்போது, வெயிலை உண்டு வாழும் ஜீவன்களுக்கு அதைவிடப் பெரிய விருந்து வேறு என்ன வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். அந்த ஏரியின் நீரில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் கோடானுகோடி மிதக்கின்றன. வெயிலையும் நீரையும் கரியமில வாயுவையும் கொண்டே அவை தம் ஆகாரத்தைத் தயாரித்துக்கொள்கின்றன. ஆயினும், வார்விக் வின்ஸென்ட், பாட்ரிக் நீல், பீட்டர் ரிச்சர்ஸன் ஆகிய மூன்று விஞ்ஞானிகள் அந்தப் பாசிகளைப் பரிசோதித்து 1984-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி சொல்லும் செய்தி நாம் எண்ணுவதற்கு நேர்மாறானது. காலையில் சூரியன் ஏற ஏற ஏரியின் மேற்பரப்பு சூடேறி, அந்தச் சூடான நீர் கீழே உள்ள குளிர்ந்த நீரோடு கலவாமல், பாலின்மேல் ஏடு படிவதுபோலத் தனியே மிதந்து நிற்கிறது. அந்த ஏட்டுக்குள் அகப்பட்ட பாசிகள் கீழே இறங்க வழியின்றி வெயிலின் முழு வேகத்தையும் தாங்க வேண்டியதாகிறது. வெளிச்சம் மிகுந்து கொட்டிக்கிடக்கும் உச்சிப்பொழுதில்தான் அவற்றின் ஆகாரத் தயாரிப்பு குன்றிப்போகிறது. பின்னர்க் காற்று எழுந்து, இரவின் குளிரில் மேல்நீர் கனத்துக் கீழிறங்கி, ஏடு கலைந்து, மேலும் கீழும் ஒன்றாகப் புரண்ட பிறகே அவை பழைய நிலையை அடைகின்றன.

ஊட்டுகிற கையே சுடவும் செய்கிறது. வெறும் பிரகாசத்தின் மிகுதியும் இதற்கு ஒரு காரணந்தான். ஆனால் அந்தப் பிரகாசத்தோடு கலந்து, நம் கண்ணுக்குப் புலப்படாமல் வருகிற புறஊதாக் கிரணங்களுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. அந்தக் கிரணங்கள் ஏரிப் பாசிகளை என்ன செய்கின்றன, பாசிகள் அவற்றை எப்படிச் சமாளிக்கின்றன என்பவை சுவையான கேள்விகள். அவற்றைவிட என்னை நெடுநாள் ஆட்கொண்ட கேள்வி மற்றொன்று: ஒரே சூரியன் காயும் இரண்டு ஏரிகளில் ஒன்றின் பாசி வாட, மற்றொன்றின் பாசி வாடாதிருப்பது ஏன்? அதற்கு விடை ஆகாயத்தில் இருப்பதைக் காட்டிலும் கரையில் நிற்கும் மரங்களிடத்தில் அதிகமாக இருக்கிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தக் கிரணங்களைப் பற்றிச் சிறிது. 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானநூலறிஞர், சூரிய வெளிச்சத்தை முப்பட்டைக் கண்ணாடியால் ஏழு நிறங்களாகப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் நிறமே இல்லாத இடத்திலும் உஷ்ணமானியில் சூடு ஏறுவதைக் கண்டு சொன்னார். சிவப்புக்கு அப்பால் ஒன்று இருக்குமானால் எதிர்ப்புறத்தில் ஊதாவுக்கு அப்பாலும் ஒன்று இருக்கத்தானே வேண்டும் என்று, ஜெர்மனியில் ஜேனா நகரில் இருந்த யோஹான் ரிட்டர் என்னும் இளைஞர் எண்ணினார். வெளிச்சம் பட்டால் கறுக்கும் குணமுள்ள வெள்ளிக் குளோரைடை நிறங்களின் வரிசையில் அவர் வைத்துப் பார்த்தபோது, ஊதா நிறம் விழும் இடத்தைக் காட்டிலும் அதற்கு அப்பால், கண்ணுக்கு இருளாகவே தோன்றிய இடத்தில், அது விரைந்து கறுத்தது. இது 1801-இல் நடந்தது. 

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறுக்கு நானோமீட்டர் என்று பெயர். நாம் காணும் ஊதா நிறத்தின் அலைநீளம் ஏறத்தாழ 400 நானோமீட்டர். அதற்குக் குறைந்த அலைகளே புறஊதா. இவற்றை மூன்று பிரிவாக்கி, 400 முதல் 315 வரை ஏ என்றும், 315 முதல் 280 வரை பி என்றும், அதற்கும் குறைந்தவற்றை சி என்றும் வழங்குகிறார்கள். அலை குறுகக் குறுக அதன் உக்கிரம் கூடும். மிக உக்கிரமான சி வகை முழுவதையும், பி வகையில் பெரும்பகுதியையும், ஆகாயத்தின் மேலடுக்கில் உள்ள ஓசோன் என்னும் வாயு தடுத்து நிறுத்திவிடுகிறது. அந்த ஓசோன் பிராணவாயுவிலிருந்து உண்டாவது. அந்தப் பிராணவாயுவை ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து ஆகாயத்தில் நிரப்பத் தொடங்கியவை நீலப்பச்சைப் பாசிகள் என்று நாம் இன்று வழங்கும் நுண்ணுயிர்களின் மூதாதைகள். ஆகவே, பூமியின்மேல் விரிந்திருக்கும் முதற் குடையை நெய்தவை பாசிகளின் குலத்தைச் சேர்ந்தவைதாம். நாம் இன்று வெயிலில் அச்சமின்றி நடமாடுவது அவை செய்த உபகாரம்.

குடையைத் தாண்டி வருகிற பி கிரணங்கள் அளவில் மிகச் சொற்பம். ஆயினும் ஒரு பாசியின் உடல் எத்தனை சிறியது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஏரித் தண்ணீரில் ஒரு துளியை எடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பூதக்கண்ணாடிக் கருவியின்கீழ் நோக்கினால், கண்ணாடிப் பேழைபோல் வரிவரியாகச் செதுக்கப்பட்ட ஓட்டுக்குள் பொன்னிறப் பொட்டுகளுடன் அமர்ந்திருக்கும் டயாட்டம் ஒன்றைக் காணலாம்; பக்கத்திலேயே சாட்டைபோன்ற ஒற்றை இழையைச் சுழற்றிக்கொண்டு பச்சைக் கதிர்க்கோல்போல் யூக்ளினா நீந்தும்; மணிகள் கோத்தாற்போல நீலப்பச்சை இழைகள் கிடக்கும். ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவுள்ள பாசியே இவற்றுள் நடுத்தரமான உருவம். பத்தில் ஒன்று உள்ளவை பெரியவை. ஆயிரத்தில் ஒன்று உள்ளவையும் உண்டு. அவ்வளவு சிறிய தேகத்தில் தோல் என்றும் உள் என்றும் பெரிய பேதம் இல்லை. நம்மீது படும் பி கிரணம் மேல்தோலோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. பாசியின்மீது படுவதோ அதன் உயிர்நிலையையே நேராகப் போய்த் தொடுகிறது.

அங்கே அது செய்யும் சேதத்தை ஓலைச்சுவடியைக்கொண்டு விளக்கலாம் என்று நினைக்கிறேன். ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில், நான்கே எழுத்துக்களால், அந்த ஜீவன் தன்னைத் தானே நடத்திக்கொள்வதற்கான விதிகள் யாவும் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த நான்கில் தைமின் என்பது ஒன்று. இரண்டு தைமின்கள் அடுத்தடுத்து அமைந்த இடத்தில் பி கிரணம் பட்டால், அவ்விரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஏடு பெயர்த்தெழுதுகிறவன் இரண்டு எழுத்துக்கள் ஒன்றாக இழைந்து கிடக்கும் இடத்துக்கு வந்ததும் எழுத்தாணியை நிறுத்திவிடுவதுபோல, அந்த இழையைப் படியெடுக்கும் வேலை அங்கே நின்றுபோகிறது. படியெடுக்க முடியாவிட்டால் பாசி இரண்டாகப் பிரிந்து பெருக முடியாது. தப்பும் தவறுமாகப் படியெடுத்தால் சந்ததி கெடுகிறது.

இரண்டாவது சேதம் பச்சையத்தின் பக்கத்தில் நேர்கிறது. வெளிச்சத்தை வாங்கி நீரைப் பிளக்கும் யந்திரத்தில் டி1 என்னும் புரதம் ஒன்று உண்டு. சாதாரண வெயிலிலேயே இது ஓயாமல் உடைந்து, ஓயாமல் புதிதாகப் பொருத்தப்பட்டு வருவது. வண்டிச் சக்கரத்தின் அச்சாணி தேயத் தேய மாற்றுவதுபோல இது நித்திய வேலை. புறஊதாக் கிரணம் பட்டால் உடையும் வேகம் மாற்றும் வேகத்தை மிஞ்சிவிடுகிறது. டிட்டிகாக்காவின் பாசிகள் நடுப்பகலில் சோர்ந்துபோவதற்கு உள்ளே நடக்கும் காரியம் முக்கியமாக இதுவே. மூன்றாவதாக, நீந்தத் தெரிந்த பாசிகளுக்கு நீச்சலே கெடுகிறது. டோனட் ஹேடர் என்னும் ஜெர்மன் விஞ்ஞானி யூக்ளினாவை வைத்துப் பல்லாண்டுகள் செய்த பரிசோதனைகளில், பி கிரணத்துக்கு உட்பட்டவை வேகம் குன்றி, திசை அறியும் சக்தியையும் இழக்கக் கண்டார். நெருப்பிலிருந்து ஓட வேண்டியவனுக்குக் காலே முதலில் பொசுங்குவதைப் போன்ற கொடுமை இது.

இவ்வளவும் கேட்டபின், ஏரிகளில் பாசி எப்படித்தான் மிஞ்சியிருக்கிறது என்று வாசகர்கள் ஆச்சரியப்படலாம். சேதத்தைக் காட்டிலும் அதைச் சீர்செய்துகொள்ளும் வித்தைதான் என்னைப் பெரிதும் பிரமிக்கச் செய்வது. அமெரிக்காவில் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் என்னும் இடத்து ஆராய்ச்சிசாலையில் ஆல்பர்ட் கெல்னர் என்பவர் 1940-களின் பிற்பகுதியில் நுண்ணுயிர்களைப் புறஊதாக் கிரணத்தால் தாக்கி, பிறகு அவை எவ்வளவு தேறுகின்றன என்று கணக்கெடுத்து வந்தார். ஒரு நாள் மிகுதியாகத் தேறின. மற்றொரு நாள், எல்லாம் முன்போலவே செய்தும், அநேகமாக எல்லாம் மடிந்தன. உஷ்ண வித்தியாசமாக இருக்கலாம் என்று எண்ணி அதை எவ்வளவோ நுட்பமாகக் காத்துப் பார்த்தும் குழப்பம் தீரவில்லை. கடைசியில், பாத்திரங்களை வைத்திருந்த கண்ணாடித் தொட்டி ஜன்னலுக்கு அருகில் இருப்பதும், அங்கே படும் பகல் வெளிச்சம் சில பாத்திரங்களுக்கு மிகுதியாகவும் சிலவற்றுக்குக் குறைவாகவும் கிடைப்பதும் அவர் கவனத்தில் பட்டது. செத்துப்போனவை என்று தள்ளத்தக்க உயிர்களை எழுப்பியது ஜன்னல் வெளிச்சம். 1949-இல் அவர் இதை வெளியிட்டார். அதே ஆண்டில் ரெனாட்டோ டுல்பெக்கோ என்பவரும், தனியே வேறொரு பரிசோதனையின் போக்கில், இதே உண்மையைக் கண்டறிந்தார்.

அதன் சூக்ஷ்மம் பின்னால் விளங்கிற்று. போட்டோலயேஸ் என்னும் நொதி ஒன்று உயிரணுவுக்குள் இருந்துகொண்டு, ஒட்டிப்போன எழுத்துக்களைத் தேடிப் பற்றிக்கொள்கிறது. பற்றிக்கொண்டு வெளிச்சத்துக்காகக் காத்திருக்கிறது. நீல வெளிச்சமோ ஏ வகைப் புறஊதாவோ தன்மேல் பட்டதும், அந்தச் சக்தியைக்கொண்டு ஒட்டை நீக்கி எழுத்துக்களைப் பழையபடி பிரித்துவிடுகிறது. இந்த நொதி வேலைசெய்யும் விதத்தை ஆராய்ந்த அஸீஸ் ஸன்ஜார் 2015-ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசைப் பெற்றவர்களுள் ஒருவர். பாசிக்கும் மீனுக்கும் தவளைக்கும் தாவரங்களுக்கும் உள்ள இந்த நொதி மனிதர்களாகிய நமக்கு இல்லை. நம் மூதாதையர்கள் பரிணாமத்தின் வழியில் எங்கேயோ அதை இழந்துவிட்டார்கள், நாம் வேறு முறைகளால் காலந்தள்ளுகிறோம். ஒரு கையால் குத்தி மறு கையால் தைக்கும் சூரியனிடம் பாசி கொண்டுள்ள உறவு, ஆகையால், வெறும் பகையுமன்று, வெறும் நட்புமன்று. தைக்கும் வேகம் குத்தும் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் வரை பாசி பிழைக்கிறது. குளிர்ந்த நீரில் நொதிகளின் கை மெதுவாகவே ஓடும் என்பதால், பனிமலை ஏரிகளில் இந்தக் கணக்கு மிகவும் நெருக்கடியானது.

குடைபிடித்துக்கொள்ளும் பாசிகளும் உண்டு. மைக்கோஸ்போரின் வகை அமினோ அமிலங்கள் என்று பெயரிடப்பட்ட நிறமற்ற பொருள்களைச் சில பாசிகள் தம்முள் தயாரித்து, 310 முதல் 360 நானோமீட்டர் வரையுள்ள கிரணங்களை அவற்றால் விழுங்கிக்கொள்கின்றன. ஆல்ப்ஸ் மலையேரிகளில் வாழும் கடுகினும் சிறிய பூச்சிகள், இந்தப் பொருளைத் தாமே தயாரிக்கத் தெரியாமல், அதை உடைய பாசிகளைத் தின்று தம் உடம்பில் சேர்த்துக்கொள்கின்றன. இரை தந்த குடையின்கீழ் அவை வெயிலைக் கழிக்கின்றன. நீலப்பச்சைப் பாசிகளோ ஸைட்டோனெமின் என்னும் பழுப்பு மஞ்சள் பொருளைத் தம்மைச் சுற்றியுள்ள உறையில் பூசிக்கொள்கின்றன. இதைப் பார்க்க மலையேரிக்குப் போக வேண்டுவதில்லை. நம் ஊர்க் கோயில் மதில்களிலும், வெள்ளையடித்துப் பல மழைக்காலம் கண்ட கைப்பிடிச் சுவர்களிலும் கறுத்துப் படிந்திருக்கும் படலத்தை நாம் அழுக்கென்றும் புகையென்றும் நினைக்கிறோம். அதில் பெரும்பங்கு வெயிலில் காய்ந்து உறங்கும் நீலப்பச்சைப் பாசியே. அந்தக் கருமை அதன் குடை. சித்திரை வெயிலில் கல்லோடு கல்லாகக் காய்ந்து கிடந்துவிட்டு, முதல் மழையில் நனைந்ததும் அது மறுபடி உயிர்த்தெழுவதைத் தொட்டுப் பார்த்தே உணரலாம். நேற்றுவரை பொருக்காக இருந்தது இன்று வழவழக்கும்.

ஆனால் குடை எல்லாருக்கும் பயன்படாது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள பாசியின் உடம்பைக் கிரணம் கடக்கும் தூரம் மிகக் குறைவு. அவ்வளவு குறுகிய தூரத்துக்குள் கிரணத்தைத் தடுக்க வேண்டுமானால், உடம்பு முழுவதையும் மறைப்புப் பொருளாலேயே நிரப்ப வேண்டியிருக்கும், பிறகு வாழ இடமிராது. ஆகவே மிகச் சிறியவை குடையை நம்பாமல், விரைவாகச் சீர்செய்துகொள்வதையும், விரைவாகப் பெருகுவதையுமே நம்பியிருக்கின்றன. சாட்டையிழை உள்ளவற்றுள் பல, பகலில் ஆழத்துக்கு இறங்கிவிடுகின்றன. தெளிந்த மலையேரிகளில் பச்சை மிகுந்திருப்பது மேற்பரப்பில் அன்று, பல மீட்டர் ஆழத்தில். மேலே நின்று பார்ப்பவன் ஏரி வெறுமையாக இருக்கிறதென்றே எண்ணுவான்.

இங்கேதான் நான் முதலில் சொன்ன கேள்வி வருகிறது. எத்தனை ஆழம் இறங்கினால் பாசிக்குப் பத்திரம் என்பது ஏரிக்கு ஏரி மாறுவது ஏன்?

எங்கள் பழைய வீட்டுக் கொல்லையில் இரண்டு கல்தொட்டிகள் இருந்தன. ஒன்று வெட்டவெளியில், மற்றொன்று நாட்டு வாதுமை மரத்தின்கீழ். வாதுமை தன் இலைகளைச் செம்பட்டாக்கி உதிர்க்கும் பருவத்தில், மரத்தடித் தொட்டியில் விழுந்த இலைகள் ஊறி, நான்கைந்து நாளில் அந்த நீர் கடுந்தேநீர்போல் ஆகிவிடும். வெளித்தொட்டியில் அடிக்கல்லின் உளித்தழும்புகூடத் தெரியும். மரத்தடித் தொட்டியில் கையை முழங்கைவரை விட்டால் விரல்கள் முதலில் செம்பொன்னாகி, பிறகு மங்கி, பிறகு மறைந்துவிடும். ‘இலை ஊறின தண்ணி எதுக்கும் ஆகாது’ என்று என் பாட்டி அதை வாழைக்கு ஊற்றச் சொல்லுவார்கள். அந்தப் பழுப்பு நிறம் ஏரிகளின் சரித்திரத்தில் எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

இலையும் வேரும் மட்கி நீரில் கரையும்போது உண்டாகும் அந்தச் சாயம், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் நீலத்தை ஓரளவு விழுங்குவது. புறஊதாவையோ ஆவலோடு விழுங்குவது. சுத்தமான நீர் புறஊதாவை அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஆகையால், சுற்றிலும் பாறையும் பனியுமாக, மரமே இல்லாத உயர்ந்த மலையேரியில் பி கிரணம் பத்து மீட்டருக்கும் மேலாக இறங்கிச் செல்ல, காடு சூழ்ந்து சேற்றுநிலத்து நீர் வந்து சேரும் பழுப்பேரியில் ஒரு முழத்துக்குள்ளேயே அது தீர்ந்துபோகிறது. உயரம் ஏற ஏறப் புறஊதாவின் வலிமை கூடுவது உண்மைதான். ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து வீதம் என்று கணக்கிடுவார்கள். ஆனால் நூற்றுக்குப் பத்து எங்கே, ஒரு முழத்துக்கும் பத்து மீட்டருக்கும் உள்ள தூரம் எங்கே! பாசியின் தலைக்குமேல் நிற்கும் குடைகள் இரண்டு. ஓசோன் குடை உலகத்துக்கெல்லாம் பொது. இலைச்சாயக் குடை அந்தந்த ஏரிக்கு அதனதன் காடு கொடுத்தது.

1985-இல் ஜோஸப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்லின் என்னும் மூன்று பிரிட்டிஷ் விஞ்ஞானிகள், அண்டார்க்டிகாவின் வான்மீது வசந்த காலத்தில் ஓசோன் வெகுவாகக் குறைந்துபோவதை அறிவித்தபோது, உலகம் முதற் குடையைப் பற்றிக் கவலைகொள்ளத் தொடங்கியது. அந்தக் கவலை நியாயமானது. 1987-இல் மாண்ட்ரியால் நகரில் தேசங்கள் கூடிச் செய்த உடன்படிக்கை, குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட, குளோரின் அடங்கிய வாயுக்களை ஒழிக்க வழிசெய்தது. ஆனால் அந்தப் பரபரப்புக்கு நடுவே, இரண்டாம் குடையைப் பற்றிச் சிலரே நினைத்தார்கள்.

அவர்களுள் ஒருவர் டேவிட் ஷிண்ட்லர். கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்தின் வடமேற்கில், 1968-ஆம் ஆண்டு முதல் சிறிய ஏரிகள் பலவற்றை முழுதாகவே பரிசோதனைக்கென்று ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். ஆராய்ச்சிசாலையின் கண்ணாடிக் குடுவைக்குப் பதிலாக ஓர் ஏரி முழுவதையும் குடுவையாகக் கொண்டு ஆராயும் அபூர்வமான இடம் அது. அங்கே 1970-களிலும் 1980-களிலும் உஷ்ணம் கூடி, மழை குறைந்து, ஓடைகள் கோடையில் வற்றலாயின. ஓடை வற்றினால் காட்டிலிருந்து சாயம் ஏரிக்கு வந்து சேர்வதில்லை. ஏரியில் உள்ள நீரும் வெளியேறாமல் நெடுங்காலம் தேங்கி நிற்க, முன்பே வந்திருந்த சாயத்தை வெயில் நாளுக்கு நாள் வெளுக்கச் செய்கிறது. ஈரத்துணியின் சாயம் கொடியில் வெளிறுவதுபோலத்தான். தொழிற்சாலைப் புகையால் மழை அமிலமாகும் பிரதேசங்களில் ஏரிகளுக்கு நேரும் கதியை அறிய, ஓர் ஏரியில் கந்தக அமிலத்தைச் சேர்த்துப் பார்த்தபோது, அமிலம் ஏறிய நீரிலும் சாயம் குறைந்து ஏரி தெளிந்தது. இவற்றையெல்லாம் தொகுத்து 1996-இல் ஷிண்ட்லரும் அவர் சகாக்களும் வெளியிட்ட முடிவு விஞ்ஞானிகளைத் திடுக்கிடச் செய்தது: இந்த வடதேசத்து ஏரிகளில் புறஊதா மிகுவதற்கு ஓசோன் குறைவைக் காட்டிலும் வறட்சியும் அமிலமுமே பெரிய காரணமாகலாம் என்பதே அது. ஏரி தெளிந்தால் நாம் மகிழ்கிறோம். தெளிவு என்பது நம் மொழியில் புகழ்ச்சொல். அந்தத் தெளிவில் வாழ வேண்டிய பாசிக்கு அது கூரை பிரிந்த வீடு.

நான்கு ஆண்டுகள் கழித்து ரைன்ஹார்ட் பீனிட்ஸ், முன்பு டிட்டிகாக்காவில் நாம் சந்தித்த அதே வார்விக் வின்ஸென்ட் ஆகிய இருவரும், இந்தக் கதையைப் பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னோக்கிக் கொண்டுசென்றார்கள். கனடாவின் வடபகுதியில் மரங்கள் முடிந்து வெற்றுநிலம் தொடங்கும் எல்லையில் உள்ள ஏரியின் அடிச்சேற்றை அவர்கள் ஆராய்ந்தார்கள். டயாட்டம் மடிந்தாலும் அதன் கண்ணாடி ஓடு மடிவதில்லை. ஆண்டுக்காண்டு படியும் சேற்றில் அந்த ஓடுகள் ஏடு அடுக்கினாற்போல் அடுக்கப்பட்டிருக்கும். எந்த வகை டயாட்டம் எந்தச் சாய அளவுள்ள நீரில் வாழும் என்பது தெரிந்திருப்பதால், ஓடுகளைக்கொண்டே பழங்கால நீரின் நிறத்தைக் கணிக்கலாம். காடு வடக்கே நகர்ந்து வந்த காலத்தில் ஏரி பழுப்பேறியதையும், காடு பின்வாங்கிய காலத்தில் வெளிறியதையும், அதனால் நீருக்கடியில் புறஊதா ஏறி இறங்கியதையும் அவர்கள் படித்துக் காட்டினார்கள். ஓசோன் மெலிவதால் நேரக்கூடிய மாறுதலைவிட இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவோ பெரிது.

இத்தனையும் பாசிக்கு வெயிலால் நேரும் துன்பத்தைப் பற்றியே பேசின. ஆயினும் ஏரியிலும் ஆற்றிலும் பாசி தனித்து வாழ்வதில்லை என்பதை உணர்த்தும் பரிசோதனை ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், தெற்கு தாம்ஸன் ஆற்றங்கரையில், மாக்ஸ் பாத்வெல் என்பவரும் அவர் கூட்டாளிகளும் திறந்தவெளியில் நீளமான வாய்க்கால் தொட்டிகளைக் கட்டி, ஆற்றுநீரை அவற்றில் ஓடவிட்டார்கள். சிலவற்றின்மேல் புறஊதாவைத் தடுக்கும் தகடுகளைப் பொருத்தினார்கள். சிலவற்றை முழுவெயிலுக்குத் திறந்துவைத்தார்கள். அடியில் டயாட்டங்கள் பழுப்புப் படலமாகப் படர்ந்தன. முதல் சில வாரங்களில் எதிர்பார்த்தபடியே, திறந்த வாய்க்கால்களில் பாசி குறைவாகவும் மூடியவற்றில் மிகுதியாகவும் வளர்ந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் வெயில் பாசியைக் கெடுக்கும் என்று எழுதி முடித்திருப்பார்கள். அவர்கள் நிறுத்தவில்லை. நாள் செல்லச் செல்ல நிலைமை தலைகீழாயிற்று. திறந்த வாய்க்கால்களில் பாசி கெட்டியாக மண்ட, மூடியவற்றில் அது தேய்ந்துகொண்டே வந்தது. காரணம், அந்தப் பாசியை மேயும், கொசுவைப் போன்ற சிறு ஈக்களின் புழுக்கள். பாசியைவிட அந்தப் புழுக்களுக்குப் புறஊதா கொடியது. வெயில்பட்ட வாய்க்காலில் புழு குறைந்தது, மேய்ச்சல் குறைந்தது, பாசி பெருகியது. 1994-இல் வெளிவந்த இந்த முடிவுக்குப் பிறகு, ஒரு பாசியைக் குடுவையில் அடைத்து விளக்கின்கீழ் வைத்துப் பார்த்துவிட்டு ஏரியின் கதியைச் சொல்லத் துணிவது கடினமாயிற்று.

இப்போது வேறொரு திசையிலும் காரியங்கள் நடக்கின்றன. ஐரோப்பாவின் வடபகுதியிலும் வட அமெரிக்காவின் கிழக்கிலும், புகையைக் கட்டுப்படுத்தியதால் மழையின் அமிலம் குறைந்து, மண் பிடித்துவைத்திருந்த சாயம் மறுபடி ஏரிகளுக்குள் இறங்குகிறது. பல ஏரிகள் கடந்த சில பத்தாண்டுகளாகப் பழுப்பேறி வருகின்றன. அங்கே பாசிக்குப் புறஊதாவின் தொல்லை குறைகிறது. ஆனால் சாயம் கூடும்போது ஆகாரத்துக்கு வேண்டிய வெளிச்சமும் ஆழத்துக்குப் போகாமல் நின்றுவிடுவதால், அடியில் வாழும் பாசிகள் இருளில் பட்டினி கிடக்கின்றன. ஓசோன் குடையும் மெல்ல மெல்லத் தேறி வருகிறது. அண்டார்க்டிகாவின்மேல் அது 1980-ஆம் ஆண்டின் நிலைக்குத் திரும்ப ஏறக்குறைய 2066 ஆகும் என்று உலக வானிலை நிறுவனம் வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது.

உலகின் உயர்ந்த மலைகளிலோ புதிய ஏரிகள் பிறந்துகொண்டிருக்கின்றன. பனியாறுகள் உருகிப் பின்வாங்க, அவை அரைத்து விட்டுச்சென்ற பள்ளங்களில் நீர் தேங்குகிறது. பனியாறு ஏரியைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரை அது அரைத்த பாறைமாவு நீரில் கலந்து, கழுநீர்போல் வெண்மையாக்கி, ஒருவிதத் திரையாக நிற்கிறது. பனியாறு மேலும் பின்வாங்கித் தொடர்பு அறுந்ததும், மாவு அடியில் படிந்து, ஏரி ஸ்படிகமாகத் தெளிகிறது. கரையில் மரமில்லை, புல்லில்லை, ஊறுவதற்கு ஓர் இலையில்லை. காற்றோடும் பறவையின் காலோடும் வந்து அந்த நீரில் விழுகிற முதற் பாசிகள், தம்முடைய சொற்பக் குடையையும் தைக்கத் தெரிந்த நொதியையும் மட்டுமே கொண்டு, உச்சிவெயிலில் இறங்கிப் போவதற்கு ஆழமான இடத்தைத் தேடுகின்றன.